பாத வளைவில் நின்ற வீடு

பிராங்கியர்களின் அரசர் அன்சோவால்ட் வடகடலிலிருந்து ரோமாபுரி வரைக்கும் ஆண்டார் என்பதும், குதிரையில் ஏறினால் கால் தரையைத் தொடும் அளவுக்கு நெட்டையானவர் என்பதும், அவ்வளவு உயரத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத கீச்சுக் குரல் அவருக்கு இருந்தது என்பதும் ஊருலகத்துக்கே தெரிந்த சங்கதி, ஆனால் அவருடைய காலடி இருந்தது எங்கள் ஊரில்தான், மியூஸ் நதிக்கரையில் நாற்பது வீடுகளும் ஒரு மரத் தேவாலயமும் உள்ள ஹாஸ்லாவில்தான் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

அந்தக் காலடி விழுந்த நாளில் அவர் அரசர் இல்லை. அரசரின் மகன்களில் ஒருவர், இருபது வயதுப் பையன், ஆற்றுத் துறையில் குதிரை இடறி இடது கால் செருப்பைச் சேற்றுக்குக் கொடுத்துவிட்டு, அந்தக் கால் வெறுங்காலாக, நனைந்த குதிரையைக் கையில் பிடித்தபடி வழி கேட்க எங்கள் ஊருக்குள் வந்தார். அன்றுதான் கெர்லிண்டா, கல்யாணமாகி இன்னும் ஓர் அறுவடைகூடப் பார்க்காத பெண், தன் வீட்டு முன்னால் களிமண்ணையும் மாட்டு ரத்தத்தையும் உமியையும் பிசைந்து புதுக் களம் மெழுகி முடித்திருந்தாள். புதுக் களத்தை மூன்று நாள் யாரும் மிதிக்கக் கூடாது, கோழியைக்கூட அண்ட விடமாட்டார்கள். வந்தவர் தன் வெறுங்காலை நேராக அதில் வைத்தார்.

“யோவ், கண்ணை எங்க வச்சிட்டு வர்ற?” என்று கெர்லிண்டா போட்ட சத்தத்தில் குதிரையே இரண்டடி பின்வாங்கியது. “முதுகு ஒடிய மெழுகின களம்யா இது!”

“மன்னிச்சிடும்மா, தெரியாம வச்சிட்டேன்” என்றார் வருங்காலச் சக்கரவர்த்தி. காலை எடுத்துக்கொண்டார், வழி கேட்டார், போய்விட்டார்.

கெர்லிண்டா அந்தப் பள்ளத்தை மெழுகி மூடினாள். மறுநாள் காலையில் பள்ளம் ஐந்து விரலோடும் திரும்ப இருந்தது. மறுபடி மூடினாள், மறுபடி வந்தது. மூன்றாம் முறையும் வந்ததும் அவள் புருஷன் குந்தர், எதற்கும் அலட்டிக்கொள்ளாத மனிதன், “விடு, தானியம் ஒதுங்கக் கொஞ்சம் இடம் ஆச்சு” என்று சொல்லிவிட்டுக் கூரை வேயப் போனான்.

அந்த வருஷம் அரசர் இறந்தார், ராஜ்ஜியம் அன்சோவால்டின் கைக்கு வந்தது, அதே வாரத்தில் காலடி நான்கு விரற்கடை நீண்டது. அவர் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி லொம்பார்டியர்களை வென்றபோது அது பன்றிகளுக்குத் தீனி வைக்கும் தொட்டி அளவுக்கு ஆனது, வடக்குக் காடுகளில் ஸாக்ஸன்களை முதல் முறை பணிய வைத்தபோது ஒரு படகு அளவுக்கு ஆனது, இரண்டாம் முறை பணிய வைத்தபோது அந்தப் படகைக் கட்ட ஒரு கொட்டகையும் போடலாம் போல ஆனது, அப்படியே வருஷத்துக்கு வருஷம், போருக்குப் போர், ஆற்றங்கரையில் இருந்து ஓக் தோப்பு வரைக்கும் அந்த இடது பாதம் நீண்டுகொண்டே போனது. வெற்றிச் செய்தியோடு தூதர்கள் வந்து சேர இரண்டு மூன்று வாரமாகும். அதற்குள் நாங்கள் பீர் காய்ச்சிக் குடித்து முடித்து அடுத்த வெற்றிக்குக் காத்துக்கொண்டிருப்போம்.

யாரும் ஆச்சரியப்பட்டதாக எங்கள் ஊரில் பேச்சில்லை, வேலைதான் நிறைய இருந்தது. பிராங்கியர் வழக்கப்படி, ஊர்ச்சபை கூடுகிற இடத்தைச் சுற்றி ஹேசல் என்ற கொட்டைச் செடியின் குச்சிகளை நட்டுக் கயிறு கட்டுவோம், அந்தக் கயிற்றுக்குள் பேசியதை மாற்றிப் பேசக் கூடாது. காலடியைச் சுற்றியே அந்தக் குச்சிகளை நட்டோம். அது வளர வளரக் குச்சிகளைப் பிடுங்கித் தள்ளி நட்டோம். யாருடைய நிலத்தைக் காலடி எடுத்துக்கொண்டதோ அவர் அதிலிருந்து புல்லோடு ஒரு மண்கட்டியை வெட்டி, சாட்சிகளுக்கு முன்னால் ஊர்த்தலைவர் கையில் வைத்து “கொடுத்தேன்” என்பார், ஊர் “பார்த்தோம்” என்று சொல்லும். நிலத்துக்கு நிலம் கிடையாது, ஆனால் திருவிழாவில் முன்பலகையில் உட்காரலாம். அந்தப் பலகைக்காக எங்கள் ஆட்கள் அடித்துக்கொண்டதைப் பார்த்திருக்க வேண்டும். ஒருவர் காலடி எடுத்துக்கொண்டது போலக் காட்டத் தன் முள்ளங்கிப் பாத்தியைத் தானே தோண்டிப் பள்ளமாக்கி மாட்டிக்கொண்டார், மூன்று வருஷம் அவரைப் பின்பலகையில்கூட உட்கார விடவில்லை.

வாழ்க்கை அந்தப் பாதத்துக்கு ஏற்பக் கால் மாற்றிக்கொண்டது. விரல் பள்ளங்களில் மழைத்தண்ணீர் நின்றது, ஐந்து குளத்திலும் வாத்து வளர்த்தோம். குதிகாலில் சணலைக் காற்று அள்ளிக்கொண்டு போகாது, பெண்கள் அதை அங்கே காயப்போட்டார்கள். கட்டைவிரல் வீட்டார் சுண்டுவிரல் வீட்டாருக்குப் பெண் கொடுக்க யோசித்தார்கள். அக்கரை ஊர்க்காரர்கள் அதைச் சுண்ணாம்பு மண் தோண்டிய பழைய குழி என்று சொல்லிச் சிரித்தார்கள், அவர்கள் ஊரில் எந்த அரசனும் கால் வைக்காத வயிற்றெரிச்சல் அது.

இந்தப் பெருமையில் ஒரே ஒருத்தி மட்டும் தன் வீட்டுக்கு மண்கட்டி கொடுக்கவில்லை. அது கெர்லிண்டா. காரணம் சிக்கலானது இல்லை. எல்லோருடைய பாதத்திலும் உட்பக்கம் தரையில் படாமல் வளைந்து நிற்கும் ஓர் இடம் உண்டு, ஈரக்காலோடு நடந்து போனால் அந்த இடம் மட்டும் காய்ந்திருக்கும். காலடி வளர்ந்தபோது அவள் களத்தையும் தோட்டத்தையும் விழுங்கியது, ஆனால் அவள் வீடு சரியாக அந்தப் பாத வளைவில் வந்து நின்றது. மூன்று பக்கமும் ஆள் உயரப் பள்ளம், ஒரு பக்கம் மட்டும் ஊர், நடுவில் நாக்கு நீட்டியது போன்ற மேட்டில் குந்தர் கட்டிய ஓக் மரவீடு. அந்த நேரத்தில் குந்தரும் இல்லை. அரசரின் எட்டாவது ஆட்சி வருஷத்துப் படைக்கு எங்கள் ஊரிலிருந்து போன பதினோரு பேரில் அவனும் ஒருவன், ஸாக்ஸன் காட்டிலிருந்து அவனுடைய கத்தி மட்டும்தான் திரும்பி வந்தது. பிள்ளை இல்லை. அவள் அந்த வீட்டை உத்தரம் உத்தரமாக அறிந்து வைத்திருந்தாள், எந்த உத்தரத்தைச் செதுக்கும்போது அவன் விரலை வெட்டிக்கொண்டான் என்பது வரைக்கும்.

ஊர்த்தலைவர் ராடுல் அவளுடைய சொந்த அண்ணன். மூன்று வயலைக் காலடிக்குக் கொடுத்து முன்பலகையில் நடுவில் உட்கார்ந்திருந்தவர். அவர் தங்கையைச் சபைக்குக் கூப்பிட்டார்.

“தங்கச்சி, மூணு பக்கமும் ராஜா காலு. நடுவுல உன் வீடு மட்டும் துருத்திட்டு நிக்குது. பார்க்கவே அசிங்கமா இருக்கு. ஒரு மண்கட்டிய வெட்டிக் கொடுத்துட்டு எங்க வீட்டுக்கு வந்துடு.”

“அண்ணே, அவர் கால் பட்ட எடமெல்லாம் அவருது. களத்துல பட்டுச்சு, கொடுத்தேன். தோட்டத்துல பட்டுச்சு, கொடுத்தேன். வீட்டுல படல. படாத எடத்தை நான் எப்படிக் கொடுக்கிறது? கொடுத்தா அது பொய் சாட்சி.”

“பாதம்னா முழுசும் பாதம்தானே?”

“வளைவு இல்லாத பாதம் தட்டைப்பாதம். நம்ம ராஜாவுக்குத் தட்டைப்பாதம்னு சொல்ல வர்றியா?”

கயிற்றுக்குள் பேசிய பேச்சு. சபை அவளுக்கே தீர்ப்புச் சொன்னது. அன்றிலிருந்து அவள் அந்த மேட்டில் ராணி மாதிரி இருந்தாள். அரசரைப் பற்றி யார் அளந்தாலும், எந்தப் போர் வீரன் என்ன கதை சொன்னாலும், கடைசிவரை கேட்டுவிட்டு, “எல்லாம் சரி, அவரை நேருக்கு நேர் திட்டினது நான் ஒருத்திதான்” என்பாள்.

ரோமாபுரியில் அவர் தலையில் சக்கரவர்த்தியின் கிரீடத்தை வைத்த கிறிஸ்துமஸ் நாளில் காலடி ஒரு விரற்கடைகூட நீளவில்லை, ஆனால் ஒரு சாண் ஆழமானது. கிரீடத்துக்கு அவ்வளவு எடை என்று அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. அப்புறம் அவர் போரைக் குறைத்துக்கொண்டு பள்ளிக்கூடங்கள் திறந்தார், தராசுகளையும் அளவுகோல்களையும் ஊருக்கு ஊர் ஒன்றாக்கினார், படிக்கிறவன் கண் நோகாத உருண்டையான எழுத்தில் எழுதச் சொன்னார். அவர் அனுப்பிய துறவி ஒருவர் எங்கள் குழந்தைகளைக் குதிகால் பள்ளத்தில் உட்கார வைத்து மணலில் அந்த எழுத்தை எழுதப் பழக்கினார். அவருக்குப் பின் பேரன்மார் ராஜ்ஜியத்தை ரொட்டியைப் பிய்ப்பது போலப் பிய்த்துக்கொண்டார்கள், அந்தக் கதையைச் சொல்ல வேறு ஊர்கள் இருக்கின்றன. ஆனால் பிய்ந்த மூன்று துண்டிலும் பிள்ளைகள் எழுதியது அந்த எழுத்தைத்தான்.

அன்சோவால்ட் ஆட்சிக்கு வந்து நாற்பத்து நான்காம் வருஷம் இளவேனிலில், கெர்லிண்டா வாத்துகளைத் திறந்துவிடப் போனபோது மேட்டின் ஓரம் ஒரு கை அளவுக்குச் சரிந்திருப்பதைப் பார்த்தாள். மழை இல்லை, வெள்ளமும் இல்லை. மறுநாள் இன்னொரு கை. எட்டு நாள் யாரிடமும் சொல்லாமல் குச்சி நட்டு நட்டுப் பார்த்தாள். அப்புறம் அண்ணன் வீட்டுக்குப் போய், வாசலில் உட்கார்ந்து செருப்பு தைத்துக்கொண்டிருந்த அந்த எழுபது வயதுக்காரரிடம், “அண்ணே, உன் காலைக் காட்டு” என்றாள்.

“எதுக்கு?”

“காட்டு, சொல்றேன்.”

அவர் காலை நீட்டினார். உள்ளங்கால் பலகை போலத் தட்டையாக இருந்தது.

“எப்பத்திலேருந்து இப்படி?”

“அது ஆச்சு நாலஞ்சு வருஷம். வயசானா உடம்பு பாரத்துல வளைவு இறங்கிடும். நின்னா வலி உயிர் போகுது.” சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். தங்கையின் முகத்தைப் பார்த்தார். “ராஜாவுக்கா?”

அவள் தலையாட்டினாள். அண்ணனும் தங்கையும் அந்த வாசலிலேயே உட்கார்ந்து அழுதார்கள்.

இங்கேதான் எங்கள் ஊர் ஒரு தப்பு செய்தது. காலடி அரசரால் உண்டானதே தவிர, அரசர் காலடியால் உண்டானவர் அல்ல. இதை எடுத்துச் சொல்ல ஊரில் ஒரு ஆள் இல்லை. பாதிரியார் சொல்லியிருக்கலாம், அவரும் மண்கூடையோடு வரிசையில் நின்றார். கெர்லிண்டா வீடு நிற்கும்வரை அரசருக்குப் பாத வளைவு நிற்கும், பாத வளைவு நிற்கும்வரை அரசர் நிற்பார் என்று சபையில் முடிவானது. இருபத்தைந்து வருஷமாக அவளை ‘துருத்தி’ என்று கூப்பிட்டவர்கள் ஓக் கழிகளைக் கூர் சீவிக்கொண்டு வந்து மேட்டைச் சுற்றி அறைந்தார்கள். ஹேசல் குச்சியில் தட்டி பின்னி முட்டுக் கொடுத்தார்கள், ஆற்றுக் கல்லை அடுக்கினார்கள், களிமண்ணை அப்பினார்கள். வெளியாட்கள் கேட்டால் கரை கட்டுகிறோம் என்று சொன்னோம். அரசருக்குக் கால் தளர்கிறது என்ற செய்தி எல்லையைத் தாண்டினால் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் ஏழு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். நாற்பது வீடு, ஒரு வாய்கூடத் திறக்கவில்லை. நாங்கள் ஜெயித்த போர்களிலேயே பெரியது அதுதான் என்று நான் சொல்வேன்.

இரண்டு கோடை அப்படிப் போனது. இரண்டாவது கோடையின் முடிவில், செப்டம்பர் மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்று நாள் மழைக்குப் பிறகு, காலைப் பூசைக்கு மணி அடித்த நேரத்தில் கழிகள் ஒவ்வொன்றாக முறியும் சத்தம் கேட்டது. பூசைக்குப் போட்ட நல்ல துணியோடு ஊரே ஓடியது. மேடு முழுசாகப் பள்ளத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது, வீடு முனகியது. ராடுல் முதலில் பள்ளத்தில் குதித்தார், எழுபத்தொரு வயதில், தன் தட்டைக் காலோடு, வலது தோளைக் களிமண்ணில் கொடுத்து நின்றார். அவருக்குப் பக்கத்தில் அவர் மகன்கள், அவர்களுக்குப் பக்கத்தில் கட்டைவிரல் வீட்டார், சுண்டுவிரல் வீட்டார், முள்ளங்கிப் பாத்திக்காரரின் மருமகள்கள், பாதிரியார், பால் கொடுத்துக்கொண்டிருந்த குழந்தையை மேலே வைத்துவிட்டு வந்தவள், எல்லோரும் தோளோடு தோள் சேர்த்து அந்த மண்ணைத் தாங்கினோம், இடுப்புவரை சேறு, வாயெல்லாம் மண், மேலே ஒரு வீட்டின் எடை, அதற்கும் மேலே ஒரு சக்கரவர்த்தியின் எடை. கிரீடத்தின் எடையும் தெரிந்தது என்று பிற்பாடு எல்லோரும் சத்தியம் செய்தார்கள். மண் நின்றது. உங்களால் நம்ப முடியாவிட்டால் பரவாயில்லை, மண் நின்றது, காலை மணியிலிருந்து உச்சிப்பொழுதுவரை.

கெர்லிண்டா மேலே, வீட்டு வாசற்படியில் நின்று எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ராடுலின் உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. ஒரு பெண் அழுதுகொண்டே தாங்கினாள், இன்னொருத்தியின் தோளிலிருந்து ரத்தம் களிமண்ணில் இறங்கியது. உச்சி மணி அடித்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் மண் இவர்கள் மேலேயே விழும் என்பது அவளுக்குத் தெரிந்தது, விடச் சொன்னால் வீடு போகும், வீட்டோடு அரசரும் போவார் என்பதும் தெரிந்தது.

“போதும்! விடுங்க!” என்று கத்தினாள்.

“முடியாது தங்கச்சி!”

“அண்ணே, நான் சொல்றேன். என் வீடு. விடு!” என்று சொல்லி, இருபத்தைந்து வருஷமாகக் கொடுக்காத மண்கட்டியைக் குனிந்து கையாலேயே பிய்த்து அவர் முன்னால் எறிந்தாள். “கொடுத்தேன்!”

“பார்த்தோம்” என்று முனகியபடி அவர்கள் விலகினார்கள். கடைசி ஆள் விலகியதும், அவள் ஊர்ப்பக்கம் தாண்டியதும், மேடு இறங்கியது. குந்தரின் வீடு உடையாமல், உட்காருகிற மாடு போல முன்னங்காலை மடித்து, மெதுவாகப் பள்ளத்தில் உட்கார்ந்தது. ஒருவருக்கும் உயிருக்குச் சேதமில்லை. யாருக்கும் சந்தோஷமும் இல்லை.

அந்தக் குளிர்காலம் முழுக்க கெர்லிண்டா அண்ணன் வீட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் குறுகி உட்கார்ந்திருந்தாள். வீடு போனதற்காக அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. “நான்தானே விடச் சொன்னேன்” என்று மட்டும் அவ்வப்போது சொல்வாள். “இன்னும் கொஞ்ச நேரம் தாங்கியிருந்தா?” ஜனவரி மாதத்தில் ஒரு காலை, காலடியில் கிடந்த பனி உருகாமலே, விரல் குளங்கள் ஐந்தும் ஒன்றாக வற்றின. அவள் வெளியே வந்து பார்த்தாள், உள்ளே போய் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்துக்கொண்டாள்.

பனி விலகிய பிறகு அரண்மனையிலிருந்து எர்மின் என்ற எழுத்தர் வந்தார், புது அரசருக்கு ஊர் ஊராக விசுவாசப் பிரமாணம் வாங்கிக்கொண்டு. பழைய அரசர் ஜனவரியில் காலமானார் என்று படித்தார். நாங்கள் தொப்பியைக் கழற்றினோம். பிரமாணம் முடிந்து ராடுல் வீட்டில் பீர் ஊற்றிக் கொடுத்தபோது, இளம் வயதுக்காரரான அந்த எழுத்தர் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

“கடைசி ரெண்டு வருஷம் அவரால நிக்கவே முடியல. ரெண்டு பேர் தூக்கிட்டுத்தான் வருவாங்க. மகனுக்குக் கிரீடம் வைக்கணும், உட்கார்ந்த எடத்துலருந்தே வச்சிடலாம்னு வைத்தியருங்க சொன்னாங்க. செப்டம்பர்ல ஒரு ஞாயித்துக்கிழமை, காலை மணி அடிச்சதும், படுக்கையிலருந்து தானா எந்திரிச்சாரு. கைத்தடிகூட எடுக்கல. தேவாலயத்துக்கு நடந்தே வந்தாரு. பூசை முழுக்க நின்னாரு. மகன் தலையில கிரீடத்தை வச்சாரு, சபை மொத்தத்துக்கும் நின்னுக்கிட்டே புத்தி சொன்னாரு. நான் கொஞ்சம் தள்ளி நின்னு எழுதிட்டிருந்தேன்.”



“உச்சி மணி அடிச்சுது. அப்பத்தான் அது நடந்துச்சு. கீழ குனிஞ்சு தரையப் பார்த்தாரு. ‘போதும், விடுங்க’ன்னாரு. ‘இவ்வளவு நேரம் தாங்கினதே பெருசு, களைச்சுப் போயிருப்பீங்க’ன்னாரு. சிரிச்சுக்கிட்டே நாற்காலியில உட்கார்ந்தாரு. அதுக்கப்புறம் எந்திரிக்கவே இல்ல.” எழுத்தர் கோப்பையை வைத்தார். “அவரை யாருமே பிடிச்சிருக்கலைங்க. பத்தடிக்கு ஆள் இல்ல. யார்கிட்ட சொன்னாருன்னு அரண்மனையில இன்னைக்கு வரைக்கும் பேச்சு. என் ஏட்டுல அந்த எடத்தை வெறுமனே விட்டு வச்சிருக்கேன்.”

ராடுல் வலது தோளைப் பிடித்துக்கொண்டு விம்மினார். அடுப்புப் பக்கத்திலிருந்து கெர்லிண்டா எழுந்து வந்தாள், ஆறு மாதத்தில் முதல் முறையாக முதுகை நிமிர்த்தி, கண்ணீரைத் துடைக்காமலே எழுத்தருக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

“எங்ககிட்டதான்யா சொன்னாரு” என்றாள். “எழுதிக்கோ.”